அந்தக் கவுனைத் தைத்தவர்

பட்டம் பெற்றபின் வேலைக்காகக் காத்திருந்த பதினோரு மாதங்களில் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று. மலையாள நாட்டில், கரமனையில் எங்கள் தமிழ்த் தெருப் பெண்கள் நால்வருக்குப் பிற்பகல் நேரத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். படித்தவள் தன் படிப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் அது சமூகத்துக்குச் செய்யும் துரோகம் என்று அன்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. அதைச் சொல்லும் குரல்தான் சற்றுத் தணிந்திருக்கிறது. தணிந்ததற்கு அந்த வகுப்பில் இருந்த ஒருவர் காரணம். அவருக்குச் சொல்லாமல் விட்ட நன்றியை இங்கே எழுதிவைக்கிறேன்.

அது ஐம்பத்தொன்றாம் ஆண்டு. சமையற்கட்டு ஓய்ந்து, சாயங்காலக் காப்பிக்கு அடுப்பு மூட்டும்வரை கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான் வகுப்பு. எங்கள் வீட்டு மச்சில், பழைய அரிசிப் பெட்டியின் மூடிக்குக் கரியும் கோவை இலைச் சாறும் பூசி ஒரு கரும்பலகை செய்திருந்தேன். நால்வரும் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள். நான் அவர்களை மாமி என்றேன். அவர்கள் என்னைக் குழந்தை என்றார்கள். அதில் யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

அவர்களில் ஒருவர் எதிர்வீட்டு மாமி. நாகர்கோவிலில் பிறந்து, பதினாறு வயதில் எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவர். பிறந்த ஊரின் பெண்கள் பள்ளியில் ஊசிவேலை கற்றிருந்தார். தெருவில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும் துணி அவர் வீட்டுக்குத்தான் போகும். அவர் கணவர் சாலைக் கடைவீதியில் ஒரு மண்டியில் கணக்கெழுதியவர். அவ்வாண்டு தை மாதத்தில் காசநோய் கண்டு ஆசுபத்திரியில் படுத்தார். இரண்டு வருஷமாவது வேலையை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருநெல்வேலியிலிருந்த கணவரின் அண்ணன், வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லாரும் அங்கே வந்துவிடும்படி எழுதியிருந்தார். அன்போடு எழுதிய கடிதம்தான். ஆனால் போனால், ஆசுபத்திரியில் இருப்பவரைப் பார்க்க ஆளில்லை. நான்காம் பாரம் படிக்கும் மகளின் படிப்பும் அத்தோடு முடியும். அடுத்தவர் வீட்டு அடுப்படியில் மாமியும் அவருடைய மாமியாரும் நின்றபடியே காலம் தள்ள வேண்டியிருக்கும்.

இந்த நிலையில்தான், வெள்ளைக்காரத் துறவியர் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை காலியாக இருப்பதாகத் தெரிந்தது. தலைமையாசிரியை மதருக்கு மலையாளத்தில் நாலைந்து சொற்கள்தாம் வரும். ஆகவே தையலோடு கொஞ்சம் ஆங்கிலமும் பேசத் தெரிய வேண்டும். மாமி என் வகுப்புக்கு வந்தது அதற்காகத்தான்.

ஒருநாள் ‘செல்ஃப்’ என்று முடியும் பிரதிப்பெயர்களை நடத்தினேன். பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். ‘ஷி கட் ஹெர்செல்ஃப்’ என்பது ஒன்று. ‘ஷி ஹெர்செல்ஃப் கட் த வெஜிடபிள்ஸ்’ என்பது மற்றொன்று. முதலாவதில் அரிவாள்மணை காயை விட்டுவிட்டு அவள் விரலுக்கே திரும்பிவிட்டது. அங்கே அந்தச் சொல்லை அழித்தால் என்னத்தை நறுக்கினாள் என்றே தெரியாமல் போகும். இரண்டாவதில் வேறு யாரும் நறுக்கவில்லை, அவளேதான் நறுக்கினாள்; அங்கே சொல்லை அழித்தாலும் வாக்கியம் விழாது. இப்படி விளக்கிவிட்டு, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

தெருக்கோடி வீட்டு மாமி முந்திக்கொண்டார். "ஹி ஹிம்செல்ஃப் மேட் காஃபி. சரியா கொழந்தே?"

"கொள்ளாம் மாமி, ரொம்பச் சரி."

"இலக்கணம்தான் சரி. எங்காத்துல அப்படி ஒரு சம்பவம் நடந்ததே இல்லை."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. எதிர்வீட்டு மாமி மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டாலும் வாக்கியம் நிக்கறதுன்னா அதை எதுக்குப் போடணும்? வேண்டாத தையலை நாங்க பிரிச்சுன்னா எடுத்துடுவோம்?"

"ஒரு அழுத்தத்துக்காக, மாமி."

"யாருக்கு அழுத்தம்?"

தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அன்று எனக்கு இல்லை. அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டேன். மறுநாள் மாமி கொண்டுவந்த நோட்டுப் புத்தகத்தில் பத்து வாக்கியங்களும் பிழையில்லாமல் இருந்தன. ராஜா தாமே வந்தார். டாக்டர் தாமே சொன்னார். மாமியார் தாமே கோலம் போட்டார். ‘மைசெல்ஃப்’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு வாக்கியம்: ‘ஐ ஹர்ட் மைசெல்ஃப்’, நான் காயப்படுத்திக்கொண்டேன். பத்துக்குப் பத்து போட்டு, நன்று என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை நான் சரியாக வாசிக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

மலையாள இடவ மாதத்தில், மழை பிடிப்பதற்கு முந்திய ஒரு புதன்கிழமை, மதர் நேரில் வரச் சொல்லியிருந்தார். தையல் மாதிரி ஒன்று கொண்டுவர வேண்டும். மாமி வெள்ளை மல் துணியில் ஒரு சின்னக் கவுன் தைத்திருந்தார். மார்பில் தேன்கூடு போலச் சுருக்குத் தையல், கழுத்தோரம் நீலநூல் பூக்கள், முதுகில் ஐந்து காஜா. புரட்டிப் பார்த்தால் உட்புறம் எது, வெளிப்புறம் எது என்று சட்டென்று சொல்ல முடியாது. ஒன்பது நாள் தைத்தார். அவர் தைத்ததை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்தவள் நான்.

கிழக்கேகோட்டை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தோம். வழியெல்லாம் மாமி உதட்டுக்குள்ளே ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்தார். அறைக்குள் என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

மதர் வயதானவர். கவுனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். முதலில் மார்பு, பிறகு காஜாக்கள், பிறகு உட்புறம். முகம் மலர்ந்தது. இதை நீயேதான் தைத்தாயா என்று கேட்டார். கேள்வியிலேயே ‘யுவர்செல்ஃப்’ இருந்தது. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். நாங்கள் படித்த பாடம் அல்லவா!

மாமி தலையைக் குனிந்து சிரித்தார். "வீ மேட் இட் அட் ஹோம், மதர்."

நாங்கள் என்றால் யார் என்று மதர் கேட்டார்.

"மை மதர்-இன்-லா ஆல்சோ."

நீ செய்தது எவ்வளவு என்று அடுத்த கேள்வி வந்தது.

"ஒன்லி லிட்டில், மதர்."

மதரின் முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்ல மறைந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவுனை அழகாக மடித்து, வந்த காகிதத்திலேயே சுற்றி, மாமியின் கையில் கொடுத்தார். முழு வேலையும் தெரிந்த ஒருவர்தான் தேவை, இன்னொருவரும் விண்ணப்பித்திருக்கிறார், சனிக்கிழமை முடிவு செய்துவிடுவோம் என்று கனிவாகவே சொன்னார். நான் வாயைத் திறந்தேன். ஆனால் உடன் வந்தவள் பேசுவது சிபாரிசாகிவிடுமோ என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த நொடியில் பிரார்த்தனை மணி அடித்தது, மதர் எழுந்துவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் மாமி அப்படிச் சொன்னேள்? ஒன்பது நாள் நீங்கதானே தைச்சேள்?"

"பின்னே எப்படிச் சொல்றது? நான்தான் தைச்சேன்னு மார்ல தட்டிக்கவா? கேக்கறவா என்ன நினைச்சுப்பா?"

அவரைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை, ஏனென்றால் அவர் பேசியது எங்கள் தெருவின் பாஷை. விருந்துக்கு வந்தவர்கள் ரசம் பிரமாதம் என்றால், மருமகள் "அம்மா சொன்ன அளவு" என்பாள். மாமியாரைக் கேட்டால் "எல்லாம் பத்மநாபன் கிருபை" என்பார். பாட்டுத் தெரியுமா என்றாலும், கோலம் தெரியுமா என்றாலும், ‘ஏதோ கொஞ்சம்’ என்பதுதான் முறையான பதில். அந்தப் பதிலைக் கேட்டதும் எதிரில் இருப்பவர், இவளுக்கு நன்றாகத் தெரியும் என்று புரிந்துகொள்வார். எங்கள் தெருவில் எந்தக் காரியத்தையும் யாரும் தாமே செய்ததாகச் சரித்திரம் இல்லை. மாமியின் நோட்டில் ‘நானே செய்தேன்’ என்று ஒரு வாக்கியம்கூட இல்லாதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதருக்கு இது தெரிய வழியில்லை. அவர் ‘ஒன்லி லிட்டில்’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பொருளும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மதருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்பது நாளும் நான் சாட்சி, தைத்தவர் இவரே, மாமியாருக்கு அதில் பங்கில்லை என்று மூன்று பத்திகள். எழுதி முடித்தபின் வழக்கம்போல் விளைவுகளை எண்ண ஆரம்பித்தேன். இதைப் படித்து மதர் நம்புவாரா, அல்லது படித்த பெண்ணொருத்தி பக்கத்து வீட்டுக்காரிக்காகப் பொய் சொல்கிறாள் என்பாரா? மாமி சொன்னதை நான் மறுத்தால், மாமி பொய் சொன்னவராகிவிட மாட்டாரா? எல்லாவற்றுக்கும் மேல், அந்த மாமியாரின் பெயரை அவருக்குத் தெரியாமல் ஒரு கடிதத்தில் இழுப்பது நியாயமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் வழி இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

பெரிய மாமி என்று நாங்கள் அழைத்த அந்த மாமியார், கூடத்தில் உட்கார்ந்து பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டிலும் புரை. விரலால் தடவிப் பார்த்தே எல்லா வேலையும் செய்வார். மருமகள் தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இவ வந்ததுலேர்ந்து வாயே தொறக்கலை. எந்தா சங்கதி? கிடைக்காதாமா?" என்று பெரிய மாமி என்னைக் கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன்.

"நான் தைச்சேன்னா சொன்னா?"

"நீங்களும்னு சொன்னா."

"ஈசுவரா! ஊசிக்கு எந்தப் பக்கம் காதுன்னு எனக்குத் தெரிஞ்சே பத்து வருஷமாச்சு!" என்று குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ அந்த மதாம்மா என்ன நினைச்சிருப்பா? கிழவி தைச்ச சட்டையைத் தூக்கிண்டு வேலை கேக்க வந்துட்டாள்னு தானே?"

"உங்களை விட்டுட்டு நான்னு எப்படிம்மா சொல்றது?" என்றார் மருமகள்.

"ரசத்துக்கு என்னைச் சொல்லு, உப்பு மாங்காய்க்குச் சொல்லு. நான் வேண்டாம்னேனா? கேக்க எனக்கும் நன்னாத்தான் இருந்தது. இதுக்குச் சொல்லாதே. இது நம்ம எல்லாரோட சோறாக்கும்." உரித்த கொட்டையைப் பாத்திரத்தில் போட்டார். "இப்போ என் எதிர்ல சொல்லு. யார் தைச்சா?"

மாமி தூணை விரலால் சுரண்டினார்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"ஆத்துல..."

"ஆத்துல யாரு? அந்தத் தூணா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மாமி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போலச் சொன்னார்: "நான்தாம்மா தைச்சேன்."

"மதி, போதும். இதையே போய் அந்த மதாம்மாகிட்டப் பறஞ்சுட்டு வா. கொழந்தே, இவளுக்கு இதை இங்கிலீஷ்ல சொல்லிக் குடு."

"சொல்லிக் குடுத்தாச்சு பெரிய மாமி. பத்துக்குப் பத்து மார்க்கும் போட்டாச்சு."

கையிலிருந்த கடிதத்தை நீட்டினேன். வேண்டுமானால் இதையும் கொண்டுபோகலாம், நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன். மாமி கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். படித்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"ரொம்ப நன்னா எழுதியிருக்காய். வேண்டாம் கொழந்தே. இதைக் குடுத்தா, இன்னொருத்தர்தான் எனக்காகச் சொன்னார்னு ஆயிடும். நீயும் வரவேண்டாம். நானே போறேன்."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பஸ் ஏறினார். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் மறுபடியும் தலையைக் குனிந்தால்? மதர் உள்ளேயே விடவில்லை என்றால்? இரண்டாம் முறை போய் அவமானப்பட்டுத் திரும்பினால் அந்தப் பொறுப்பு யாருடையது? பன்னிரண்டரை மணிக்கு அவர் தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. எதிர்வீட்டுக்கு ஓடினேன். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெரிய மாமிக்கு முகமே தெரியாது. அவர் நேராகக் கேட்டார்.

"என்னடீ ஆச்சு?"

"பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கு வரச் சொல்லியிருக்கா. முதல் மூணு மாசம் பார்ப்பாளாம், அப்புறம் ஸ்திரமாக்குவாளாம்."

"எப்படி மாமி? என்ன சொன்னேள்?" என்றேன்.

"ஏதோ... பெரியவா ஆசீர்வாதம்."

"நான் ஒரு ஆசீர்வாதமும் பண்ணலை!" என்று பெரிய மாமி சத்தம் போட்டார். "காலம்பறலேர்ந்து பலாக்கொட்டைதான் உரிச்சேன். நீ பண்ணினதைச் சொல்லு!"

மாமி சிரித்துவிட்டார். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மதர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாராம். நேற்று நான் சரியாகப் பேசவில்லை, கவுனை நான் தைத்தேன், நானே தைத்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். மதர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாராம். அதற்கு மேல் தமக்கு இங்கிலீஷ் வராது என்பதால், பையிலிருந்து துணியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து காஜா எடுக்கத் தொடங்கினாராம். இரண்டு காஜா முடிந்ததும் மதர் ஒரு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கிழிந்திருந்த தம் அங்கியின் கைநுனியை நீட்டினாராம்.

"அதை இழையோட்டிக் குடுத்தேன். கிழிசல் எங்கே இருந்ததுன்னு அப்புறம் அவாளே தேடினா." சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டோமோ என்பது போல மாமியாரைப் பார்த்தார். பெரிய மாமி தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கொட்டையை எடுத்தார்.

அன்று மாலையே திருநெல்வேலிக்கு ஒரு கார்டு போயிற்று. அந்த வீட்டின் கடிதங்களை முன்பெல்லாம் மாமா எழுதுவார்; அவர் படுத்தபின் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கார்டை மாமி எழுதினார். உங்கள் அன்புக்கு நமஸ்காரம், எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று நாலு வரி. மகளின் படிப்பு நிற்கவில்லை. மாமா தேறி வருவதற்கு இரண்டு வருஷத்துக்கும் மேலாயிற்று. ஆசுபத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோக அதுவரை ஆள் இருந்தது.

நான் தபாலில் சேர்க்காத கடிதம் நெடுநாள் என் பெட்டியில் கிடந்தது. அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. உண்மைப் பிழையும் இல்லை. ஆனால் அதை அனுப்பியிருந்தால், வேலை கிடைத்தபின்னும் மாமிக்குச் சொல்லிக்கொள்ளத் தெருவில் இன்னொரு பெயர் கிடைத்திருக்கும்: ‘குழந்தை எழுதிக் கொடுத்தது.’ பிறருக்கு உதவி செய்யக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று பத்திகள் நினைவுக்கு வருகின்றன. எவ்வளவு தூரம் கூடப் போகலாம், எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்று எனக்குக் காட்டியவர்கள், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவரும் அறவே தெரியாத ஒருவரும். அவர்களுக்கு நான் நன்றியுடையவள்.

மறு ஆண்டு எனக்கும் ஆசிரியை வேலை கிடைத்தது. நான் ஊரைவிட்டுப் புறப்படும் அன்று மாமி பள்ளியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். காகிதத்தில் சுற்றிய ஒரு கைக்குட்டையைக் கொடுத்தார். நான்கு ஓரமும் நூல் இழுத்துச் செய்த வேலைப்பாடு. மூலையில் ஒரு நீலப் பூ. எனக்கு ஆசை விடவில்லை.

"நீங்களே போட்டதா மாமி?"

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். மாமியாரையும் சொல்லவில்லை, பத்மநாபனையும் சொல்லவில்லை.

"ஆமாம். நான் போட்டேன்" என்றார்.